கெண்டைக்காலில் ஒரு கொசுக்கடி

குற்றாலத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒரு முறைகூட நனைந்ததில்லை. தூத்துக்குடியில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தண்ணீருக்குப் பயந்தவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கல்லூரியில் படிக்கும்போது வேன் கவிழ்ந்து எனக்கு முதுகுத்தண்டு போயிற்று. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. என் கணவர் தங்கதுரை நல்ல மனிதர், கைகளில் வலுவுள்ளவர். மணப்பாடு கடற்கரை மணலில் என்னைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார். கொடைக்கானலில் ஒரு மேடு விடாமல் ஏற்றிக் காட்டியிருக்கிறார். ஆனால் குற்றாலத்தில் பெண்கள் குளிக்கும் பக்கம் அவர் வர முடியாது, ஆண்கள் பக்கம் நான் போக முடியாது. ஆகவே ஒவ்வொரு சீசனிலும் எங்கள் வீட்டு மைனிமார்கள் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கிப் போவார்கள். நானும் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு வேனுக்குள் உட்கார்ந்திருப்பேன். எல்லாருடைய கைப்பையும் செல்போனும் என் மடியில் இருக்கும்.

"சாரல் அடிக்குல்லா ஜெபா, அதுவே பாதிக் குளியல்தான்" என்பாள் பெரிய மைனி, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே. அவள் ஆறுதலுக்குத்தான் சொல்வாள். எனக்கு அவள் கைப்பையைக் குரங்கிடம் கொடுத்துவிடலாமா என்று வரும். அந்த எண்ணெயை வீட்டுக்கு வந்து குளியலறையில் சீயக்காய் போட்டுத் தேய்ப்பேன்.

அதனால்தான் 'துணைக்கால்' விளம்பரம் வந்தவுடனே நானும் தங்கதுரையும் மட்டும் கிளம்பினோம். நடைவெளி என்று ஒரு கம்பெனி. இடுப்பிலிருந்து பாதம்வரை கால்களோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும் இயந்திரம். நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. 'இனி விடுமுறை எல்லாருக்கும். உங்கள் சொந்தக் காலில் நில்லுங்கள்' என்று போட்டிருந்தார்கள். நான் வீட்டிலிருந்தபடியே ஒரு சமையல் கேஸ் கம்பெனிக்கு வரும் புகார் அழைப்புகளை எடுப்பவள். விளம்பர வார்த்தைகளை நம்பும் ஆள் இல்லை. இதை நம்பினேன். நம்ப வேண்டும் போலிருந்தது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய கூடம். அருள்ராஜ் என்ற மேலாளர்தான் பட்டைகளை மாட்டிவிடச் சொல்லிக் கூட நின்றார்.

"அருவிப் பக்கம் பாறை வழுக்குமே, இதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எல்லாம் செயற்கை அறிவு மேடம். நெஞ்சுல இருக்கிற இந்தக் கண்ணு பாத்துக்கிடும், பாதம் தரையை உணர்ந்துக்கிடும். நீங்க 'நட'ன்னா நடக்கும், 'நில்'லுன்னா நிக்கும். தானா நடக்கும்."

"நட" என்றேன்.

எழுந்து நின்றேன். உலகம் கீழே போயிற்று. தங்கதுரையைப் பார்த்தேன். நான் அவரைவிட ஒரு விரல்கடை உயரம். கல்யாணமாகி இத்தனை காலம் கழித்து இருவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"சோடிப் பொருத்தம் தப்பாப் போச்சே" என்றார். சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அருவிக்குப் போக வேண்டியவள் நேரே போகவில்லை. என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கடைத்தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினேன், அது பிடிக்கவில்லை என்று வேறு கடைக்கு நடந்தேன். ரம்புட்டான் பழத்தை வெறுமனே தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தேன். படிக்கட்டைக் கண்டால் விடவில்லை. ஒரு போட்டோ சரியாக வரவில்லை என்று அதே படிகளில் இறங்கி மறுபடி ஏறினேன்.

"ஏ ஜெபா, கொஞ்சம் இரேன். எனக்கு மூச்சு வாங்குது" என்றார் தங்கதுரை.

"எனக்கு வாங்கலையே!" என்றேன்.

அவருக்காக ஒரு டீக்கடை முன்னால் நின்றோம். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. என் வலது பாதம் தானாக உயர்ந்து, இடது கெண்டைக்காலில் இரண்டு முறை தேய்த்துவிட்டு இறங்கியது.

தங்கதுரை டீயைச் சிந்திவிட்டார். "ஏட்டி, கால் அசையுது! உனக்கு உணர்ச்சி வந்துருச்சா?"

"இல்ல." அவர் முகம் மலர்ந்து வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. "ஏய் மிஷினு, என்ன செய்யுதே?" என்று அதட்டினேன்.

சற்றுத் தாமதித்து, "சீரமைப்பு நடைபெறுகிறது. நன்றி" என்றது குரல். பதிவு செய்த குரல்தான். ஆனால் அந்தத் தாமதம் எனக்குப் பழக்கமானது. எந்தப் பதிலைப் போடலாம் என்று ஒரு ஆள் தேடிப் பொத்தானை அமுக்குகிற நேரம் அது. என் வேலையே அதுதான். ஒரு சந்தேகம் விழுந்தது. அருவிக்குப் போகிற அவசரத்தில் அதை ஒதுக்கிவிட்டேன்.

ஐந்தருவியில் நல்ல கூட்டம். தங்கதுரை ஆண்கள் பக்கம் போகாமல் என் சக்கர நாற்காலியையும் துணிப்பையையும் வைத்துக்கொண்டு வழியிலேயே நின்றார். அருள்ராஜும் அங்கேதான் நின்றார். நான் பெண்கள் வரிசையில் நின்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக என் மடியில் யாருடைய கைப்பையும் இல்லை.

உள்ளே நுழையும் இடத்தில் ஒரு பெண் காவலர் கையை நீட்டித் தடுத்தார். செண்பகம் என்று பெயர்ப்பட்டையில் இருந்தது.

"நெஞ்சுல என்னம்மா அது?"

"மிஷினோட கண்ணு. அது பாத்துத்தான் நடக்கும்."

"கேமராதான? செல்போனையே உள்ள விடுறதில்ல. பொம்பளையாளுவ குளிக்கிற இடம்."

"ஆள் யாரும் பாக்கல மேடம், மிஷினுதான் பாக்குது."

"சரி, மிஷினு பாக்குது. மிஷினுக்குப் பின்னால யாரு பாக்குதா?"

பின்னால் நின்ற பெண்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். எண்ணெய் நெற்றியில் வழிந்தது. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, நான் மறுபடியும் நனையாமலே ஊருக்குத் திரும்ப வேண்டும். எனக்கு வந்த கோபத்தைக் குனிந்து நெஞ்சில் இருந்த அந்தக் கண்ணிடம் காட்டினேன்.

"யாரு பாக்கா? சொல்லு."

தாமதம். "மன்னிக்கவும். இந்தக் கட்டளை புரியவில்லை."

"புரியாம என்ன? டீக்கடையில கெண்டைக்காலச் சொறிஞ்சேல்லா. மிஷினுக்குக் கொசு கடிக்குமாக்கும்?"

இந்த முறை தாமதம் நீண்டது. பிறகு காதுக்குப் பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கியில் வேறொரு குரல், மிகச் சின்னதாக வந்தது.

"அக்கா... மெதுவாப் பேசுங்க. நான் பொம்பளப் பிள்ளைதான்."

காதை ஒலிபெருக்கியோடு ஒட்டி வைத்தேன்.

"நீ யாரு?"

"முப்பிடாதின்னு பேரு. இங்க பக்கத்துல இலஞ்சியில ஒரு பழைய நெல் குடோன்ல இருக்கேன். எங்க கால்லயும் இது மாதிரிப் பட்டை மாட்டியிருக்கு. நான் நடந்தா நீங்க நடப்பிய. உங்க பாதத்துல படுறது எனக்கும் படும். இந்த மைக்கு ஆபத்துக்கு மட்டும்தான்க்கா, பேசுனா வேலை போயிரும். இப்ப அருவி இரைச்சல்ல ரெக்கார்டுல விழாதுன்னுதான் பேசுதேன்."

"தானா நடக்கும்னானே அந்த மனுசன்!"

"அப்படித்தான் சொல்லணும். இன்னொருத்தி கால்ல நடக்கப் போறியன்னு சொன்னா யாருக்கா வருவா?"

அவமானமாக இருந்தது. காலையிலிருந்து நிமிர்ந்து நடந்த நடையெல்லாம் யாரோ ஒருத்தியுடையது. பிறகுதான் அந்தப் படிக்கட்டு நினைவுக்கு வந்தது. போட்டோவுக்காக இறங்கி ஏறியது, பிடிக்காத சிப்ஸுக்காக அலைந்தது. அலைந்தவள் நான், கால் வலி அவளுக்கு.

"காலையில இருந்து நீயா நடக்கே? ஒருத்தியேவா?"

"பொம்பளையாளுவளுக்கு நான் ஒருத்திதான். நீங்க கொஞ்சம் அதிகமாத்தான் நடந்துட்டிய" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

நான் செண்பகத்தை அருகில் கூப்பிட்டு ரகசியமாக விஷயத்தைச் சொன்னேன். அவர் எக்கி ஒலிபெருக்கியில் காதை வைத்து, "பேசு பிள்ள" என்றார். அவள் பேசினாள். கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

"பொம்பளக் குரல்தான். அந்தப் பிள்ள நல்ல பிள்ளையாவும் இருக்கும். ஆனா அவ பாக்கிறத அங்கன எத்தனை பேரு பாக்காவளோ? கண்ணை மூடிட்டுப் போறதுன்னா போங்க. இல்லன்னா திரும்புங்க."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. தலை துவட்ட என் தோளில் போட்டிருந்த துவர்த்தை எடுத்துக் கொடுத்தேன். அவரே அதை நான்காக மடித்து அந்தக் கண்ணின் மேல் வைத்து இறுகக் கட்டினார்.

"அக்கா, இருட்டாயிட்டு" என்றாள் முப்பிடாதி. "கண்ணு இல்லாம என்னால முடியாது. நான் தப்பா வச்சா விழுறது நீங்க. உங்களுக்கு எலும்பு உடைஞ்சாக்கூடத் தெரியாதுல்லா."

"கண்ணுக்கு நான் இருக்கேன். நான் சொல்லுதேன், நீ நட."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு நடக்கச் சொல்லித் தெரியவில்லை. "கொஞ்சம் பின்னால எடுத்து இடது பக்கம் திருப்பு" என்றேன்.

"அக்கா, நான் நாற்காலி இல்ல."

அந்த இடத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தரையைப் படிக்க எனக்குத் தெரியும். சக்கரத்தில் போகிறவர்கள் முகங்களைவிடத் தரையைத்தான் அதிகம் பார்க்கிறோம். எங்கே சரிவு, எங்கே தண்ணீர் தேங்கி வழுக்கும், எந்தக் கல் மேடு என்று பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அவள் பாதத்தை முழுதாக வைக்காமல் முதலில் விரல்நுனியால் தடவி, பிறகு குதிகாலை இறக்கினாள். "இது பாசி", "இது நல்ல கல்லு" என்று அவளும் எனக்குச் சொன்னாள். ஒரு இடத்தில் சறுக்கியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "அய்யோ" என்றோம். பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தன் பாட்டுக்குப் போனாள்.

பிறகு தண்ணீர் தலையில் விழுந்தது.

எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. யாரோ உச்சந்தலையில் ஓயாமல் குட்டுவது போல இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை, மூச்சு விட முடியவில்லை. நான் கத்தினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். பக்கத்தில் எல்லாருமே கத்திக்கொண்டிருந்ததால் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடச் சந்தோஷம். பல வருட எண்ணெய் அன்றைக்குத்தான் தலையை விட்டு இறங்கியது.

"தண்ணி எப்படிக்கா இருக்கு?" என்று காதோரம் கேட்டது.

"ஏன், நீ குளிச்சதே இல்லையா? இலஞ்சிக்காரிதான?"

"கல்யாணம் ஆகித்தான் இங்க வந்தேன். சீசன்ல லீவு தர மாட்டாவ. சீசன் முடிஞ்சா தண்ணி இருக்காது. நெதம் வாரேன்க்கா, நனையத்தான் இல்ல."

அந்த வாக்கியத்தை நான் வேனுக்குள் இருந்து எத்தனை முறை மனதுக்குள் சொல்லியிருக்கிறேன்.

"குளிருது முப்பிடாதி. பல்லு கிட்டுது. காது ரெண்டும் அடைச்சிருக்கு. ஆனா வெளிய வர மனசில்ல" என்றேன். அவள் 'ம்' கொட்டிக் கேட்டாள். "அடுத்த சீசனுக்கு நான் வாரேன். நீ அன்னைக்கு எப்படியாவது லீவு போடு. ரெண்டு பேரும் சேந்து குளிப்போம்."

"அப்ப உங்களை யாரு நடத்துவா?" என்று சிரித்தாள். பிறகு குரல் மாறியது. "அக்கா, வெளிய போனா கேப்பாவ. இவ்வளவு நேரம் கண்ணு இருட்டா இருந்தது அவியளுக்குத் தெரியும். நீங்க பேசிக் கூட்டிட்டுப் போனதா சொல்லிராதிய. மிஷினு தானாத்தான் நடந்துச்சுன்னு சொல்லிருங்க. என் பேரு வாயில வந்துரக் கூடாது."

"வராது" என்றேன்.

வெளியே அருள்ராஜ் ஓடி வந்தார். ஈரம் சொட்டும் துவர்த்தைப் பார்த்தார். "கண்ணை மறைச்சிட்டா எப்படி மேடம் நடந்துச்சு?"

"தானா நடந்துச்சு" என்றேன்.

"பாறை மேலயா? கண்ணே இல்லாம?"

"கண்ணாவது மண்ணாவது. நான் நடன்னேன், நடந்துச்சு. காலாலயே தடவிப் பாத்து நடந்துச்சு. உங்க மிஷினு கெட்டிக்காரி."

அவர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து, இதையே இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று கேட்டார். சொன்னேன். அவளைக் காப்பாற்றுகிற வேகத்தில் முன்பைவிட நன்றாகவே சொன்னேன். நான் பேசும்போது என் பெருவிரல்கள் இரண்டும் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தன. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வீடியோ ஊரெல்லாம் ஓடியது. ஈரத்தலையோடு நான், கீழே 'கண்ணைக் கட்டினாலும் நடக்கும் துணைக்கால்' என்ற எழுத்து. பெரிய மைனி எல்லாருக்கும் அனுப்பினாள். எனக்கு முப்பிடாதிக்கு அதைக் காட்ட வேண்டும் போலிருந்தது. அவளிடம் போன் நம்பர் வாங்கவில்லை. கம்பெனியில் கேட்டால் அவளைக் காட்டிக்கொடுத்ததாகும். சீசன் எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன். சாரல் விழுந்துவிட்டதா என்று தென்காசி வானிலையைத் தினமும் பார்த்துத் தங்கதுரையைப் பாடாய்ப் படுத்தினேன். அவளுக்கு என்று ஒரு சுடிதாரும் நல்லெண்ணெயும் வாங்கி வைத்தேன். அளவு தெரியாது. என் கால்களோடு சரியாகப் பொருந்தி நடந்தவள், என் உயரம்தான் இருப்பாள் என்று எடுத்தேன்.

சீசன் தொடங்கி நாங்கள் போனபோது நடைவெளிக் கூடம் பெரிதாகியிருந்தது. அருள்ராஜ் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கைகூப்பினார். வரிசையாக நின்ற துணைக்கால்களில் நெஞ்சில் கண் இல்லை.

"கேமராவே எடுத்துட்டோம் மேடம். பெண்கள் பகுதியில இனி யாரும் தடுக்க மாட்டாங்க. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"எனக்கா?"

"அன்னைக்கு நீங்க கண்ணை மறைச்சிட்டு நடந்தீங்கள்ல, அந்தப் பதிவுதான் அஸ்திவாரம். விரல்நுனியால தடவி, குதிகாலை இறக்கி, சறுக்குனா எப்படிச் சமாளிச்சு... காலையில மாட்டுனதுல இருந்து பாதத்துல பட்டது, கால் அசைஞ்சது எல்லாம் அப்படியே பதிவாயிருந்துச்சு. அதை வச்சுத்தான் இதுக்குக் கத்துக்கொடுத்தோம்."

நான் அவளுக்கு வாங்கிய சுடிதார் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இனி மறைக்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. "இலஞ்சி குடோன்ல நடந்துக்கிட்டு இருந்தாவளே, அவியெல்லாம்?"

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "அதை மூடியாச்சு மேடம்."

"முப்பிடாதின்னு ஒரு பிள்ளை. அவ எங்க இருக்கா? அன்னைக்கு நடந்தது அவதான்."

"யாரு மேடம்?" என்றார், மரியாதையாகத்தான். "நீங்கதான தானா நடந்துச்சுன்னு சொன்னீங்க. ரெண்டு தடவை சொன்னீங்களே."

தங்கதுரை என் தோளில் கை வைத்தார். அவரிடம்கூட நான் அன்றுவரை உண்மையைச் சொல்லியிருக்கவில்லை. அங்கிருந்து நேரே ஆட்டோ பிடித்து இலஞ்சிக்குப் போனோம். குடோன் பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரருக்கு முப்பிடாதி என்ற பெயரில் நாலைந்து பேரைத் தெரிந்திருந்தது, நடக்கிற வேலை பார்த்தவளை மட்டும் தெரியவில்லை. "உள்ள என்ன செய்தாவன்னு யாருக்கும் தெரியாதும்மா. முழங்கால் வலி தைலம் மட்டும் நிறைய வாங்குவாவ" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. தண்ணீரை ஒரு முறை அறிந்தவளால் மறுபடி வேனில் உட்கார முடியவில்லை. எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது. வெறுப்போடுதான் பட்டைகளை மாட்டிக்கொண்டேன்.

ஐந்தருவியில் போன வருடத்தைப் போலவே கூட்டம். வரிசையில் நிற்கும்போது வாயை ஒலிபெருக்கிப் பக்கம் கொண்டுபோய், "முப்பிடாதி" என்று மெதுவாகக் கூப்பிட்டேன்.

"மன்னிக்கவும். இந்தக் கட்டளை புரியவில்லை" என்றது. உடனே சொன்னது, ஒரு நொடித் தாமதம்கூட இல்லை.

வாசலில் அதே செண்பகம் நின்றிருந்தார். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். நெஞ்சில் துழாவிப் பார்த்தார்.

"கண்ணு இல்லையே?"

"இல்ல."

"பின்னால யாரும் இல்லல்லா?"

யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது, நான் எதுவும் சொல்லாமலே, என் வலது பாதம் மெல்ல உயர்ந்தது. இடது கெண்டைக்காலில் இரண்டு முறை தேய்த்துவிட்டுக் கீழே இறங்கியது.

"போங்கம்மா, பின்னால வரிசை நிக்குல்லா" என்றார் செண்பகம்.

நான் அசையவில்லை. குனிந்து, எனக்கு ஒன்றும் தெரியாத அந்தக் காலை, அவளுக்குக் கடித்த இடத்தில், கையால் சொறிந்துவிட்டேன்.